செம்பு இல்லாத எட்டு மில்லிமீற்றர்

அக்கரைப்பற்றில் நான் றேடியோ திருத்தப் பழகிய கடையில் முதற் பாடம் இடது கையைப் பற்றியது. ஈயம் ஒட்டுவது, நிறக்கோடு பார்த்துத் தடையின் பெறுமானம் சொல்வது, மீற்றர் பிடிப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். "தம்பி, இடக் கைய முதுகுக்குப் பின்னால வெச்சிக்கோ. ரெண்டு கையும் உள்ள போச்செண்டா அம்மாண்டு கூப்பிடவும் நேரமிருக்காது" என்பார் கடைக்காரக் காக்கா; முஸ்லிம் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். சாரனை மடித்துக் கட்டி, றப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால்தான் வேலை.

காரணம் இருந்தது. அந்தக் காலத்து மலிவான வால்வு றேடியோக்கள் பலவற்றில் ரான்ஸ்போமர் கிடையாது. சுவரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று நேரே உள்ளிருக்கும் தகரச் சட்டத்தில் போய்ச் சேரும். பிளக்கை மாற்றிக் குத்தினால் சட்டம் முழுக்க 230 வோல்ற்று. பாட்டுக் கேட்கிறவரை மரப்பெட்டியும் பிளாஸ்ரிக் குமிழும் காக்கும். பெட்டியைக் கழற்றி உள்ளே கை விடுகிறவனைக் காக்க ஒன்றும் இல்லை. ஒரு கை சட்டத்திலும் மற்றக் கை நிலத்தோடு தொடர்புள்ள ஏதாவதிலும் பட்டால் மின்சாரம் நெஞ்சுக்குக் குறுக்கே பாயும். 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கி ஊருக்குள் ரி.வி. வந்தபோதும் இதே கதைதான். பல செட்டுகளின் சட்டத்தில் கரண்ட் இருக்கும்.

பிற்பாடு நான் ஆசுப்பத்திரிக் கருவிகள் திருத்தும் வேலைக்குப் போனேன். அங்கே கம்பியை நோயாளியின் இரண்டு கையிலும் காலிலும் நாமே கட்டிவிடுகிறோம். றேடியோக் கடையில் எதைச் செய்யாதே என்று படிப்பித்தார்களோ, ஈ.சி.ஜி. மேசையில் அதைத்தான் செய்ய வேண்டியிருந்தது. அப்படிக் கட்டியும் ஆள் உயிரோடு எழும்பிப் போகிறார் என்றால் நடுவில் எதுவோ அந்த மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. உடம்பைத் தொடும் கருவிக்குச் சுற்றுப்பலகை வரைவதன் வரலாறு அந்த 'எதுவோ'வின் வரலாறு.

இந்தத் தீவில் இலத்திரனியல் ஒட்டுவேலைக்காரர் கையில்தான் பிறந்தது. 1920களில் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் எட்வர்ட் ஹார்ப்பரும் அவரோடு இருந்த பொறியியலாளர்களும் முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்பி ஒன்றைக் கட்டினார்கள். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. கடலுக்கடியில் கப்பல்களைத் தாக்க வந்த ஒன்றின் குடலை எடுத்துப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள். காக்காவின் கடையும் அந்த வம்சம்தான். செத்த செட்டின் பாகம் இன்னொரு செட்டுக்கு உயிர் கொடுக்கும். 1977க்கு முன்னர் இறக்குமதி இறுகிக் கிடந்த ஆண்டுகளில் அதைவிட்டால் வேறு வழியும் இல்லை.

அந்தப் பழைய செட்டுகளில் பலகை என்று ஒன்று இருக்காது. தகரச் சட்டத்தின் அடியில் கம்பிகள் காட்டுக்கொடி மாதிரிக் கிடக்கும். ஒரு கம்பியை எடுத்து இங்கிருந்து அங்கே ஒட்டினால் அது ஓர் இணைப்பு. இணைப்புக்கு ஒரு தரம் ஈயம், ஒரு தரம் கை. கம்பியைத் தட்டையாக்கி ஒரு பலகையில் ஒட்ட வேண்டும் என்ற எண்ணம் வெகு பழையது. 1903இலேயே லண்டனில் ஆல்பர்ட் ஹான்சன் அதற்குக் காப்புரிமம் கேட்டிருக்கிறார். 1925இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் டுகாஸ் மின்கடத்தும் மையால் கோடு அச்சடிக்கும் முறையைப் பதிந்தார். ஆனால் இன்று நாம் பிடித்திருக்கும் பலகைக்குக் கிட்டத்தில் வந்தவர் போல் ஐஸ்லர்.

ஐஸ்லரின் கதையை நான் வேலைக்குப் புதிதாக வரும் பெடியன்களுக்கு விடாமல் சொல்வேன். 1907இல் வியன்னாவில் பிறந்த யூதர். 1930இல் பொறியியல் பட்டம். பட்டம் கையில் இருந்தும் ஊரில் வேலை கிடைக்கவில்லை. அச்சகத் தொழிலை ஓரமாக நின்று பழகினார். 1936இல் லண்டனுக்கு வந்து, ஹாம்ஸ்டெட்டில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு, அச்சடித்த சுற்றுடன் ஒரு றேடியோவைச் செய்து காட்டினார். காட்டிய இடத்தில், கம்பி ஒட்டும் பெண்பிள்ளைகளின் கூலி இதைவிட மலிவு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1940இல், ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த அந்த மனிதரை எதிரி நாட்டவர் என்று பிரித்தானிய அரசு தடுத்துவைத்தது. வெளியே வந்தபின் இசைத்தாள் அச்சிடும் ஹென்டர்சன் அன்ட் ஸ்போல்டிங் என்ற கம்பனி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1943இல் உரிமத்துக்கு விண்ணப்பித்தார். அச்சகக்காரனின் வித்தைதான் அது. செம்புத் தாள் ஒட்டிய பலகையில் வேண்டிய இடத்தை மையால் மூடு, மிச்சத்தை அமிலத்தில் கரை.

பிற்காலத்தில் அமெரிக்க நீதிமன்றத்தில் அவருடைய உரிமங்கள் எடுபடவில்லை. முன்னவர்கள் இருந்தார்கள் என்பது அங்கே சொல்லப்பட்ட நியாயம். நியாயம் சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் அகதியாக வந்து, தடுப்பு முகாமில் இருந்து, கையில் ஒரு வித்தையை மட்டும் வைத்துக்கொண்டிருந்த ஆள் என்றால் எங்கள் கரையோரத்தில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இதில் இன்னொரு வியன்னாக்காரரும் வருகிறார். ஜோசப் கெர்பர், 1924இல் பிறந்தவர். 1940இல் தாயோடு அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். தகப்பன் நாசிகளின் கையில் மாண்டார். மாணவனாக இருந்தபோது வரைபடத்துக்கு அளவுகோல் போதாமல், உடுத்திருந்த பைஜாமாவின் இலாஸ்ரிக்கை உருவி அதில் கோடு போட்டு, இழுத்தால் விரியும் அளவுகோல் ஒன்றைச் செய்தார். அந்த ஆளின் கம்பனிதான் பிறகு பலகைப் படத்தை ஒளியால் படச்சுருளில் வரையும் இயந்திரத்தைச் செய்தது. அந்த இயந்திரத்துக்காக 1980இல் வெளியிட்ட கோப்பு வடிவத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். திருக்கோவிலில் இருந்து ஒரு பிள்ளை பலகை செய்யச் சொல்லிச் சீனாவின் சென்சென்னுக்கு அனுப்பும் கோப்பு கெர்பர் கோப்பு.

எங்கள் பக்கத்தில் பலகை வரையப் பழகியது எப்படி? எரிந்த பலகையைப் பார்த்துத்தான். பலகையின் பின்னால் பல்ப்பைப் பிடித்தால் செம்புக் கோடுகள் நிழலாகத் தெரியும். அதன்மேல் எண்ணெய்த்தாளை வைத்துப் பென்சிலால் எடுப்போம். பிறகு புதிய செம்புப் பலகையில் தீக்குச்சி முனையால் எனாமல் பெயின்ற். வீட்டில் அக்கா தங்கச்சி இருந்தால் நகப்பூச்சு. காய்ந்ததும் பெரிக் குளோரைட்டுக் கரைசலில் போட்டு ஆட்ட வேண்டும். வெயிலில் வைத்தால் கெதியாகக் கரையும். சாரனில் பட்டால் அந்தக் கபில நிறம் சாரன் கிழியுமட்டும் போகாது. வெளிநாட்டு வரைஞர்கள் அப்போது கறுப்பு நாடாவைத் தெளிந்த தாளில் இரண்டு மடங்கு, நாலு மடங்கு பெரிதாக ஒட்டி, கமராவால் சிறிதாக்கினார்களாம். நாங்கள் ஒன்றுக்கு ஒன்றாகக் கண்ணை நம்பி வரைந்தோம்.

இப்படிப் பழகினவனுக்கு ஒரு குணம் வரும். கோடு எங்கே போகிறது என்று மட்டும் கண் தேடும். கோடு போகாத இடம் மிச்சம், வீண். சின்னப் பலகையில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் கெட்டிக்காரன் என்ற பெயர். றேடியோவுக்கு அது சரி.

உடம்பின் பக்கத்துக் கதை வேறு திசையில் இருந்து வந்தது. வில்லம் ஐந்தோவன் 1860இல் யாவாத் தீவின் செமராங்கில் பிறந்த டச்சுக்காரர். லைடன் நகரில் இதயத்தின் மின்துடிப்பைக் கோடாக எடுக்க அவர் கட்டிய கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். இரண்டு கையையும் இடது காலையும் உப்புத்தண்ணீர் நிறைந்த பாத்திரங்களில் விட்டுக்கொண்டு ஆள் உட்கார்ந்திருப்பார். 1905இல், ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி இருந்த ஆசுப்பத்திரியில் உள்ள நோயாளியின் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியாகத் தன் ஆய்வுகூடத்தில் எடுத்தார். 1924இல் நோபல் பரிசு. இன்றும் நாங்கள் பூட்டும் முனைகள், கைகளும் காலும், அந்தப் பாத்திரங்கள் இருந்த இடங்கள்தான்.

தோலுக்கு வெளியே வந்து சேரும் இதயத் துடிப்பின் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ற்று. அறையின் சுவருக்குள் ஓடுவது 230 வோல்ற்று. இரண்டு இலட்சத்து முப்பதாயிரம் மடங்கு. எங்களூரில் புதிதாக ஈ.சி.ஜி. போர்ட் செய்து பார்க்கிற எல்லாப் பிள்ளைகளும் முதலில் காண்பது இதயத்தை இல்லை. செக்கனுக்கு 50 தரம் துடிக்கும் மின்சார சபையை.

கருவிகள் ரான்சிஸ்ரருக்கு மாறிய காலத்தில், இதய இயக்கிகள் சுவரோடு கட்டப்பட்டிருந்தன. மினியாபொலிசில் டொக்டர் வோல்ற்றன் லிலஹாய் குழந்தைகளின் இதயத்தில் அறுவை செய்தபின் துடிப்புக் குறைந்தால் மின்துடிப்புக் கொடுப்பார். அந்தப் பெட்டிக்குக் கரண்ட் சுவரிலிருந்து, நீண்ட வயரில். பிள்ளையை நடத்திக் கூட்டிப்போக வேண்டுமானால் வயர் போகும் தூரம்தான். 1957 ஒக்டோபர் 31இல் நகரத்தில் கரண்ட் நின்றது. ஒரு குழந்தை இறந்துபோனதாகச் சொல்லப்படுகிறது. லிலஹாய், ஆசுப்பத்திரியின் கருவிகளைத் திருத்திக்கொண்டிருந்த ஏர்ல் பாக்கனிடம் பற்றரியில் ஓடும் ஒன்றைக் கேட்டார். பாக்கன் எங்களைப் போல ஒருவர். 1949இல் ஒரு கராஜில் மெட்ரோனிக் என்ற திருத்தக் கடையைத் தொடங்கியவர். 'பொப்புலர் எலெக்ட்ரோனிக்ஸ்' சஞ்சிகையில் 1956இல் வந்த, பாட்டுக்காரர்களுக்குத் தாளம் தட்டிக் காட்டும் கருவியின் சுற்றை எடுத்தார். இரண்டு ரான்சிஸ்ரர், 9.4 வோல்ற்றுப் பற்றரி. நாலு கிழமையில் கையடக்கப் பெட்டி தயார். நாயில் சோதித்த மறுநாள் பாக்கன் ஆசுப்பத்திரிக்குப் போனபோது பெட்டி ஏற்கெனவே ஒரு குழந்தையின் மார்போடு இணைக்கப்பட்டிருந்ததாம்.

கரண்ட் நின்றதால் பற்றரி வந்தது என்றுதான் இதைச் சொல்வார்கள். நான் அதில் வேறொன்றைக் காண்கிறேன். பற்றரிக்கும் சுவருக்கும் நடுவில் காற்று மட்டும்தான். இதயத்தில் நேரே கம்பி போன ஒரு பிள்ளை அன்றுதான் முதன்முதலாகச் சுவரை விட்டு விலகியது.

அடுத்த ஆண்டே இன்னும் ஒரு படி. 1958 ஒக்டோபர் 8இல் ஸ்டொக்ஹோமில் ஓகே செனிங் ஆர்னே லார்சன் என்பவரின் உடம்புக்குள் ஓர் இதய இயக்கியை வைத்துத் தைத்தார். லார்சனின் மனைவி நச்சரித்துத்தான் அது நடந்தது. றூனே எல்ம்க்விஸ்ட் செய்த அந்தச் சுற்றுக்குப் பிசின் ஊற்ற அச்சாக இருந்தது கிவி சப்பாத்துப் பொலிஷ் டப்பா. முதலாவது சில மணித்தியாலங்களே ஓடியது. லார்சன் அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட இயக்கிகளை மாற்றி, 2001 வரை இருந்து, 86 வயதில், இதயத்தோடு சம்பந்தமில்லாத நோயில் காலமானார்.

அதே காலத்தில் பஃபலோவில் வில்சன் கிரேட்பாச் இதய ஒலியைப் பதியும் சுற்று ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். 10 கிலோ ஓம் தடைக்குப் பதிலாக 1 மெகா ஓம் கையில் வந்துவிட்டது. நிறக்கோடு தெரிந்தவர்களுக்குப் புரியும்: கபிலம், கறுப்பு, செம்மஞ்சள், கபிலம், கறுப்பு, பச்சை. மங்கிய வெளிச்சத்தில் மூன்றாவது கோட்டைப் பார்க்காவிட்டால் கதை முடிந்தது. அந்தச் சுற்று ஒரு சின்னத் துடிப்புத் துடித்துவிட்டு ஒரு செக்கன் சும்மா இருந்தது, மறுபடி துடித்தது. இதயம் போலவே இருக்கிறதே என்று அவர் கண்டுகொண்டார். 1960இல் அது மனித உடம்புக்குள் போனது. காக்காவின் கடையில் தடை மாறிப் போட்டால் எங்களுக்குக் கிடைத்தது தலையில் ஒரு குட்டு.

1960களில் ஆசுப்பத்திரிகளில் இதயத்துக்குள்ளேயே குழாயும் கம்பியும் விடத் தொடங்கினார்கள். அப்போதுதான் ஒரு பயங்கரம் கணக்கில் வந்தது. தோலுக்கு மேலால் இதயத்தைத் தடுமாற வைக்க ஏறத்தாழ 100 மில்லிஅம்பியர் வேண்டும். கம்பி இதயத்தையே தொட்டுக்கொண்டிருந்தால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். அவ்வளவு சின்ன மின்சாரத்தை யாரும் உணர மாட்டார்கள். கட்டில் சட்டத்தில் ஒரு கையும் நோயாளியின் வயரில் மறுகையும் வைக்கிற தாதிக்குக்கூட ஒன்றும் தெரியாது. 1971இல் நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ஃப் நேடர், அமெரிக்க ஆசுப்பத்திரிகளில் ஆண்டுக்கு 1,200 பேர் இப்படிச் சாகிறார்கள் என்று ஒரு பெண்கள் சஞ்சிகையில் எழுதினார். அந்த எண்ணிக்கையை யாரும் நிரூபித்ததில்லை. என் அபிப்பிராயம், அது ஊதிப்பெருத்த கணக்கு. ஆனால் அந்தக் கணக்குக்குப் பயந்துதான் ஆசுப்பத்திரிகள் எங்களைப் போன்றவர்களை வேலைக்கு எடுத்தன, மின்கசிவு அளக்கும் கருவி வாங்கின. பொய்க்கணக்கால் சோறு கிடைத்த தொழில் இது.

1977இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு மருத்துவ மின்கருவிகளின் பாதுகாப்புக்கு 601 என்ற நியமத்தைப் போட்டது. இப்போது அதன் இலக்கம் 60601. அதில் அளவுகள் உண்டு. இதயத்தை நேரே தொடும் கருவியிலிருந்து நோயாளிக்குப் போகும் கசிவு வழமையாக 10 மைக்ரோஅம்பியருக்கு மேல் போகக்கூடாது; ஒரு பிழை நேர்ந்தால்கூட 50. சுவர்ப் பக்கத்துச் செம்புக்கும் நோயாளிப் பக்கத்துச் செம்புக்கும் நடுவில், 250 வோல்ற்று வரைக்கும், பலகையின் மேற்பரப்பு வழியே 8 மில்லிமீற்றர், காற்று வழியே 5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பல்லி ஊர்ந்து போகும் தூரம் ஒன்று, காகம் பறந்து போகும் தூரம் ஒன்று. மின்சாரம் இரண்டு விதமாகவும் போகக்கூடியது. தூசியும் ஈரமும் படிந்த பலகையில் அது ஊர்ந்துதான் போகும்.

அந்த எட்டு மில்லிமீற்றரில் ஒன்றும் இருக்கக்கூடாது. கோடு இல்லை, இடத்தை நிரப்பிய செம்பு இல்லை, ஆணித்துளை இல்லை. செய்தியைக் கடத்த வேண்டுமானால் ஒளியால் கடத்தும் சிப்போ, நல்ல காப்புள்ள ரான்ஸ்போமரோ அந்த இடைவெளிக்கு மேலே பாலமாக நிற்கலாம். அதற்குள்ளும் ஒரு சூட்சுமம். வழமையான ஒளிச்சிப்பின் இரண்டு கால் வரிசைகளுக்கும் நடுவில் 7.62 மில்லிமீற்றர். கால் இறங்கும் செம்பு வட்டங்களைக் கழித்தால் ஆறு சொச்சம்தான் மிஞ்சும். ஆகவே கால் அகட்டிய வகைச் சிப்பை வாங்க வேண்டும். அல்லது சிப்பின் வயிற்றுக்குக் கீழே பலகையில் ஒரு நீண்ட வெட்டுப் போட வேண்டும். வெட்டைக் கண்டால் பல்லி சுற்றித்தான் போக வேண்டும். காகத்துக்கு வெட்டு ஒரு பொருட்டில்லை. அதற்கு ஐந்து மில்லிமீற்றர் தனியே இருக்கவேண்டும்.

இந்த அளவுகளை ஐரோப்பாவில் ஒரு மேசையில் இருந்து எழுதியவர்கள் சாதாரண அறைத் தூசியை நினைத்திருப்பார்கள். எங்கள் கரையில் காற்றே உப்பு. திருக்கோவிலில் சித்திர வேலாயுத சுவாமி கோயில் கடலுக்கு முன்னால். ஆடி அமாவாசைத் தீர்த்தம் கடலில்தான். வீதியில் நிற்கிற சைக்கிளின் கம்பிகள் துருப்பிடிக்கிற வேகத்தில் பலகையின் ஈயமும் வெளிறும். கடற்பக்கத்து அறையில் இருந்த கருவியைத் திறந்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவில் பச்சைப் பூசணம் மாதிரிச் செம்பு பூத்திருக்கும். தெளிந்த வார்னிஷ் பூசினால் ஓரளவு தாங்கும். அதற்கு முன் பலகையை மதுசாரத்தால் கழுவிக் காயவிட வேண்டும். கழுவாமல் பூசினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும்.

2004 டிசம்பர் 26இல் உப்பு காற்றாக வரவில்லை, சுனாமியாக வந்தது. இலங்கையில் எந்த மாவட்டத்தையும்விட அதிக உயிர்கள் அம்பாறையில்தான் போயின, பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று வரிசையாக ஊர்கள். சனத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கை வராது. கருவிகளைப் பற்றிச் சொல்கிறேன். கடல் குடித்த பலகையை வெயிலில் காயவைத்தால் எல்லாம் முடிந்தது. காயமுன் நல்ல தண்ணீரில் உப்புப் போகுமட்டும் கழுவி, கடைசியாக வடித்த தண்ணீரில் அலசி, பிறகுதான் காயவைக்க வேண்டும். தண்ணீரில் நனைந்த கருவியை மறுபடி தண்ணீரில் போடுகிறானே என்று பார்த்தவர்கள் திகைத்தார்கள். சில பிழைத்தன. மின்தேக்கிகளும் ரான்ஸ்போமர்களும் உள்ளவை பெரும்பாலும் பிழைக்கவில்லை.

பிறகு நன்கொடைக் கருவிகள் வந்தன. நல்ல மனதோடு அனுப்பியவைதான். 110 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். கையேடு எங்களில் எவருக்கும் தெரியாத மொழியில். பாவித்தால் தீரும் தாளும் முனையும் அந்த நாட்டில் மட்டும் கிடைக்கும். இது எங்கள் கதை மட்டும் இல்லை. 2011இல் லோரா பெரியும் றொபேர்ட் மல்கினும் 16 நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்ததில், வசதி குறைந்த ஆசுப்பத்திரிகளின் கருவிகளில் ஏறத்தாழ நாற்பது வீதம் வேலை செய்யாமல் கிடந்தன. அந்த நாற்பது வீதத்தில் பலவற்றைத் திறந்து பார்த்தவன் நான். உள்ளே பெரும்பாலும் பாரிய பழுது இருக்காது. ஒரு பியூஸ், ஒரு மின்வழங்கிப் பலகை. அந்தப் பலகையைப் புதிதாக வரைந்து போட நாட்டில் ஆள் வேண்டும். அதுவும் அந்த எட்டு மில்லிமீற்றரை மதிக்கிற ஆள்.

இப்போது ஆள் வருகிறது. 1995இல், அப்போது அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரப்பின் முயற்சியால் இந்தக் கரையில் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று வந்தது. அடுத்த ஆண்டு அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. ஒலுவிலில் நிலைகொண்டது, பின்னாளில் பொறியியல் பீடமும் வந்தது. 1985, 1990 கலவர காலத்தில் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவில் வீதி இருந்தது, போக்குவரத்து இல்லை. நான் காக்காவின் கடைக்குப் போகாமல் இருந்த ஆண்டுகள் அவை. இன்று என் அக்காவின் மகள் காலை பஸ்ஸில் ஒலுவிலுக்குப் போய் வருகிறாள். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் படித்த விபுலாநந்த அடிகளின் காரைதீவு இங்கிருந்து எட்டின தூரத்தில்தான். ஆனால் அவர் காலத்தில் விஞ்ஞானம் படிக்கக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது.

அவள் பலகை வரைவது கிகாட் என்ற இலவச மென்பொருளில். 1992இல் பிரான்சின் கிரெனோபில் நகரில் ஜான்-பியர் ஷாரா என்ற ஆசிரியர் தொடங்கியது. 2013இலிருந்து சேர்ன் ஆய்வுகூடம் அதை வளர்க்கக் கை கொடுத்தது. தீக்குச்சியும் நகப்பூச்சும் பிடித்த எனக்கு, கோட்டை இழுத்தால் குறுக்கே உள்ள கோடு தானே விலகுவதைப் பார்க்க இன்னும் கூச்சமாக இருக்கிறது. ஒரு பொத்தானை அமத்தினால் மிச்சமுள்ள இடம் முழுவதையும் செம்பால் நிரப்பிவிடும். இரைச்சல் குறைய அது நல்லதுதான். ஆனால் எட்டு மில்லிமீற்றருக்குள்ளும் அது நிரம்பும், சொல்லாவிட்டால்.

"என்னத்துக்கு மாமா இவ்வளவு இடத்தச் சும்மா விடச் சொல்றீங்க? பலகை பெருசாப் போகுது, காசு கூடுது."

"சும்மா இல்ல புள்ள, அதுக்குத்தான் காசு."

மேலே சொன்ன கதை முழுவதையும் அவள் பொறுமையாகக் கேட்டாள் என்று நான் சொல்லவில்லை. பாக்கன் வரைக்கும் கேட்டாள். பிறகு செம்பு புகக்கூடாத பகுதி என்று ஒரு கட்டத்தைக் கீறி, அதற்கு விதி எழுதி, எல்லா அடுக்குகளுக்கும் பொருந்தவைத்தாள். அது எனக்குத் தெரியாத வேலை. உள்ளடுக்கில் செம்பு இருந்தால் வெளியே இருந்து கண்ணுக்குப் படாது என்பதையும் அவள்தான் எனக்குச் சொன்னாள். பல்ப்பைப் பின்னால் பிடித்தும் எல்லாவற்றையும் பார்க்க ஏலாத பலகைகள் வந்துவிட்டன.

கடையில் விற்கிற சிவப்புச் சின்னப் பலகை ஒன்று உண்டு, ஈ.சி.ஜி.யின் முன்பகுதி முழுவதையும் ஒரே சிப்பில் அடக்கியது. அந்தச் சிப் 2012இல் வந்தது. அதை ஆர்டுயினோவில் கொழுவி, ஆர்டுயினோவை மடிக்கணினியில் கொழுவி, மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டு, முனைகளைத் தன் நெஞ்சில் ஒட்டுகிற பெடியன்களை நான் கண்டிருக்கிறேன். மலிவுச் சார்ஜருக்குள் எத்தனை மில்லிமீற்றர் விட்டிருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? சார்ஜரைக் கழற்றிவிட்டுச் செய் என்று மட்டும் சொல்வேன். 2022 மார்ச் முடிவில் நாட்டில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில் அந்த அறிவுரை தேவைப்படவில்லை.

50 ஹேர்ட்ஸ் இரைச்சலை அடக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. வலது காலை நேரே நிலத்தோடு கட்டினால் இரைச்சல் குறையும். ஆனால் அப்போது ஆள் நிலத்தோடு கட்டப்பட்டவர் ஆகிவிடுகிறார். வேறெங்காவது பிழை நேர்ந்தால் மின்சாரத்துக்கு அவர் வழியாகப் பாதை திறக்கும். அதற்குப் பதிலாக, கைகளில் வரும் இரைச்சலைத் தலைகீழாக்கி, பெரிய தடை ஒன்றின் ஊடாக வலது காலுக்கே திருப்பிக் கொடுக்கலாம். 1983இல் வின்டரும் வெப்ஸ்டரும் இந்தச் சுற்றின் கணக்கை விரிவாக எழுதினார்கள். அந்தத் தடை இருக்கும்வரை காலுக்குப் போகும் மின்சாரம் மைக்ரோஅம்பியரில் நிற்கும். மருமகள் அந்தத் தடையைப் பலகையின் ஓரத்தில், முனை வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தாள். நான் வைத்திருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன்.

அவளுடைய அடுத்த ஆசை விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி. 1972இல் ஜப்பானின் நிஹோன் கோடன் கம்பனியில் தக்குவோ அவோயாகி, இரத்த ஓட்டம் அளக்கப் போய், நாடித்துடிப்பு இரைச்சலாகக் குறுக்கே வர, அந்த இரைச்சலையே பிடித்து அளவாக்கியதில் பிறந்தது அது. அவர் 2020 ஏப்ரலில், கொரோனாவால் உலகமே அந்தக் கருவியை விரலில் மாட்டிக்கொண்டிருந்த மாதத்தில் காலமானார். அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் வந்த ஆய்வொன்று, மானி நல்ல அளவு காட்டியபோதும் இரத்தத்தில் ஒட்சிசன் ஆபத்தாகக் குறைந்திருந்த சந்தர்ப்பம், வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பு நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று சொன்னது. எங்கள் தோலையும் வயலில் காய்ந்த விரல்களையும் வைத்துக்கொண்டு அந்த மானியை இங்கே அளந்து பார்க்க வேண்டும். அதைச் செய்ய அவளைவிட வாய்ப்பான ஆள் இல்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் எதையும் நோயாளியில் மாட்ட முடியாது. 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் முதலே இந்நாட்டில் மருத்துவக் கருவிகளுக்குப் பதிவு வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கையில். மாணவியின் பலகை மேசையில்தான் ஓடலாம். அதனால் முதற் பலகை ஈ.சி.ஜி.யாக இருக்க வேண்டாம், கசிவு அளக்கும் கருவியாக இருக்கட்டும் என்று சொன்னேன். நியமத்தில் மனித உடம்புக்குப் பதிலாக வைக்கச் சொல்லும் சுற்றில் மூன்றே உறுப்புகள்: ஒரு கிலோ ஓம் தடை ஒன்று, அதுதான் ஆள், பத்துக் கிலோ ஓம் தடை ஒன்று, 0.015 மைக்ரோபரட் மின்தேக்கி ஒன்று. ஒரு கிலோ ஓமுக்குக் குறுக்கே ஒரு மில்லிவோல்ற்று வந்தால் கசிவு ஒரு மைக்ரோஅம்பியர். கணக்குக்குப் பேனையும் வேண்டாம்.

ஐந்து பலகைக்குக் குறைய சென்சென்னில் செய்து தர மாட்டார்கள். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. மிச்ச மூன்றுக்கும் இன்னும் ஆள் கேட்கிறாள்.